போய் வருகிறோம்

ஊரைவிட்டு அசையாதவரைக் குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர் என்று நகையாடுவது நம்மவர் வழக்கம். பண்டத்தரிப்பிலே பிறந்து வளர்ந்த எமக்கோ, அந்தச் சட்டியின் விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆசை சிறு பிராயத்திலேயே பிடித்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவரிலே தொங்கிய உலகப் படத்தில் நம் குடாநாடு பெருவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. அந்த நகக்கண்ணிலிருந்து விரலை எடுத்துக் கடல்களின்மேல் ஓட்டி ஓட்டி, ஆசிரியரிடம் பிரம்படி வாங்கிய நாள்களும் உண்டு.

பயணம் புறப்படும்போது எமது ஆச்சிக்கு ஒரு பிடிவாதம். படலையடியில் நின்று, "போறன் ஆச்சி" என்றால் உடனே மறிப்பார். "போறன் எண்டு சொல்லாதை ராசா. போட்டு வாறன் எண்டு சொல்லு" என்பார். அச்சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

கனவு தேடி வந்த ஊர்

நாம் தூர தேசங்களைக் கனவு காண்கின்றோம். ஆனால் நம் ஊரே ஒரு காலத்தில் வேறொருவரின் தூர தேசமாக இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். நியூயோர்க் நகரில் வைத்தியராயிருந்த ஜோன் ஸ்கடர், 1819 ஜூன் மாதத்தில் மனைவியுடனும் சிறு மகளுடனும் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறினார். நான்கு மாதங்களுக்கு மேலாகக் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது அக்குழந்தை இறந்துபோயிற்று. அத்துயரோடும் பயணத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாணம் வந்து, 1820 இல் பண்டத்தரிப்பிலே குடியமர்ந்தார். அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இவரையே. 1836 இல் சென்னைக்குச் செல்லும் வரை நம் நாட்டிலேயே தொண்டாற்றினார். வேலூரிலே புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாவார்.

எமது கனவுத் தலங்கள்

உங்கள் கனவுத் தலங்கள் எவை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாரிசும் சுவிற்சர்லாந்தும் எவருக்குத்தான் கசக்கும்? எனினும் எமது பட்டியல் சற்று வேறானது. நம் மண்ணோடு ஏதேனும் ஒரு நூலிழையால் கட்டுண்ட இடங்களையே எம் மனம் நாடுகின்றது.

அவற்றுள் ஒன்று கோலாலம்பூர்ப் புகையிரத நிலையம். பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் எத்தனையோ பேர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்களாக உழைத்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே கல்வீடுகள் எழுந்தன. பின்னர் ஊர் திரும்பி, 'மலாயாப் பென்சன்காரர்' என்ற பட்டத்தோடு திண்ணைகளில் வீற்றிருந்தனர். அவர்கள் கால் பதித்த மேடையில் ஒருமுறை நிற்க வேண்டும்.

மற்றொன்று அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம். வல்வெட்டித்துறையிலே நம்மவர் கைகளால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து 1938 இல் அங்கே சென்றடைந்தது. அதைச் செலுத்தியோருள் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தனர். குளொஸ்ரரும், ஸ்கடர் கப்பலேறிய பொஸ்ரனும் ஒரே மாநிலத்தில் உள்ளவை. அங்கிருந்து வந்த பயணத்துக்கு நம்மவர் 119 ஆண்டுகளின் பின் மறுபயணம் செய்தனர் என்றே நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

ஆனால் முதலிடம் சிதம்பரத்துக்கே. ஆறுமுக நாவலர் 1864 இல் பாடசாலை நிறுவிய அந்நகரம், யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு மற்றொரு வீடு போன்றது. எமது ஆச்சி ஒரு திருவாதிரைக்கேனும் அங்கே போகவேண்டுமென்று பித்தளைச் செம்பிலே சில்லறை சேர்த்துவந்தார். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பற் சேவையை 1964 டிசெம்பர்ப் புயல் குலைத்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. செம்பு நிறைந்தது, ஆச்சி போகவில்லை.

பயணமும் இடப்பெயர்வும்

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் புகையிரதமும் நின்றது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கொட்டும் மழையில், தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாமும் நடந்தோம். படலையைச் சாத்தும்போது "போட்டு வாறன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்போதுதான் ஆச்சியின் சொல் விளங்கிற்று. ஆயிரம் காதம் சென்றாலும் திரும்பிவர ஒரு படலை உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் அது பயணம். அந்நம்பிக்கை அற்றுப்போனால், பத்து மைல் நடந்தாலும் அது இடப்பெயர்வே.

திறந்த வழிகள்

மூடிய வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. புகையிரதம் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீற்றர். கொழும்போ தரைவழியில் 400 கிலோமீற்றருக்கு அண்மித்தது. ஆச்சிக்கு எட்டாதிருந்த கரை, கொழும்பிலும் பார்க்க நமக்குக் கிட்டியது!

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பற் கட்டணம் கைக்கு வரும்வரை காத்திராதீர்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதகலுக்கு அருகேயுள்ள சம்பில்துறைக்குச் செல்லுங்கள். அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இறங்கிய ஜம்புகோளப் பட்டினம் அதுவே என்பர். அங்கே நின்று வடதிசைக் கடலைப் பாருங்கள். வீடு திரும்பி, உங்கள் பாட்டனார் பாட்டிமார் எங்கெங்கே போனார்கள், எங்கே போக விரும்பிப் போகாதிருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் கனவுத் தலங்களின் பட்டியல் அதிலிருந்தே தொடங்கட்டும்.

எமது பட்டியலின் முதற்பெயருக்கு நேரே இன்னும் அடையாளம் இடவில்லை. வரும் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்ல எண்ணியுள்ளோம். ஆச்சியின் பித்தளைச் செம்பும் உடன் வரும்.

வாசகர்களே, போய் வருகிறோம்.