வெப்பத்தின் மெல்லிய குரல்

வீரசோழன் சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசினால் செவிக்கு எட்டுமோ? வெப்ப மின்னிரட்டையின் நிலையும் அதுவே. இரு வேறு உலோகக் கம்பிகள் கூடும் முனை சூடேறினால் சிறு மின்னழுத்தம் எழும். இவ்விளைவு, 1821-இல் இதனை ஆராய்ந்த சீபெக்கின் பெயரால் வழங்குகிறது. குரோமல், அலுமல் கம்பிகளில் அது பாகை செல்சியசுக்கு ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 41 பங்கே.

நம் விருதுநகர் மாவட்டத்துள்ளவை போன்ற சிமிட்டி ஆலைகளில், மோட்டார்களின் மின்னிரைச்சல் இக்கம்பிகளுட் புகுந்தால் அளவு பிழைபடும், எரிபொருள் வீணாகும். பெருக்கிக் காட்டினால் தீருமோ? இரைச்சலும் உடன் பெருகும்.

ஆதலின் கம்பிகளை முறுக்குக. அடுத்தடுத்த புரிகளிற் புகும் இரைச்சல் எதிரெதிராகி அழியும். மின்வடங்களினின்று விலக்குக. உலோக உறையிட்டு, அதன் ஒரு முனையை மட்டும் நிலத்தோடு இணைக்குக. குரலை உயர்த்துவதினும் சந்தடியை அடக்குதலே அறிவுடைமை.