புலி நுளம்பும் எமது பூச்சாடியும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பலெர்மோ திரும்பும் எமது உறவுகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயத்தை இம்முறை பார்ப்போம்.

இத்தாலியர் "சன்சாரா திக்ரே" என்று அழைக்கும் புலி நுளம்பு இந்நாட்டுக்கு உரியதல்ல. உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் கொண்ட இந்த ஆசிய நுளம்பு, பழைய ரயர்களில் ஒட்டிய முட்டைகளாகக் கப்பலேறி வந்தது. 1990இல் ஜெனோவாவில் கண்டறியப்பட்டது. இன்று சிசிலி உட்பட நாடெங்கும் பரவியுள்ளது.

புதிய மண்ணில் இது எப்படி நிலைத்தது?

காட்டில் மரப்பொந்து நீரில் பெருகிய இனம், நகரத்தில் பூச்சாடித் தட்டையும் வாளியையும் பிடித்துக்கொண்டது. இதன் முட்டைகள் நீரின்றி மாதக்கணக்கில் தாங்கும். பகல் குறுகும் இலையுதிர் காலத்தில், வசந்தம் வரை பொரிக்காத முட்டைகளை இடும். சிறு பாத்திரங்களில் உணவுக்கான போட்டியில் இதன் குடம்பிகள் உள்ளூர் கியூலெக்ஸ் நுளம்பின் குடம்பிகளைப் பெரும்பாலும் வென்றுவிடுகின்றன.

ஊரிலும் இதே கதைதான். நன்னீரில் மட்டுமே பெருகும் என்று கருதப்பட்ட டெங்கு நுளம்புகள் கரையோர உவர் நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆபத்து எங்கே?

நுளம்பு இங்கே காத்திருக்கிறது. டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களை இங்கு கொண்டுவருவது பெரும்பாலும் பயணிகளே. 2007இல் கேரளாவிலிருந்து வந்த ஒருவர் மூலம் ராவென்னா பகுதியில் 200க்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா பரவியது. 2024இல் ஃபானோ நகரில் 100க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது.

நாம் செய்ய வேண்டியவை:

* ஊரிலிருந்து திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உடனே குடும்ப வைத்தியரிடம் போங்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.
* காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் வரை நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பகலில் கடிப்பது. பகலிலும் வலையும் பூச்சு மருந்தும் தேவை. உங்களைக் கடித்த நுளம்பே பின்னர் அயலவரைக் கடிக்கும்.
* வைத்தியர் சொல்லும்வரை அஸ்பிரின், இபுபுரூபன் எடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். பரசிற்றமோல் போதும்.
* பல்கனியில் கறிவேப்பிலைச் சாடியின் அடித்தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருப்பதால் நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது.
* மொட்டைமாடி நீர்த்தாங்கிகளை இறுக மூடி வையுங்கள்.

புலி நுளம்பு அதிக தூரம் பறப்பதில்லை. உங்களைக் கடிப்பது அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். ஆகவே இதை அயலவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.