சூரியன் இறங்கிய பிறகு அல் குத்ரா

துபாயின் ஜெபல் அலியிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் அல் குத்ரா ஏரிகளுக்குப் போய்விடலாம். அல் மர்மூம் பாலைவனக் காப்பகத்தில் மனிதர்கள் உருவாக்கிய ஏரிகள் இவை. மாலையில் கரையெங்கும் கேமராவும் கைப்பேசியுமாகக் கூட்டம். சூரியன் மறைந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல படம் அதற்குப் பிறகுதான் கிடைக்கிறது.

அந்த நேரம் குறைவு. நம் ஊர் அளவுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டாலும், இங்கும் சூரியன் வேகமாகவே இறங்குகிறது. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போவதற்குச் சுமார் 25 நிமிடம்தான் ஆகும். அதற்குள் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்/8 என்று வைத்தால், மறையும் வேளையில் நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். அந்தி முடியும்போது ஏறக்குறைய இரண்டு நொடி வேண்டும். கையில் பிடித்து எடுக்க முடியாது, முக்காலி அவசியம். கைப்பேசியின் இரவு முறையும் பல படங்களை அடுக்கித்தான் ஒன்றாக்குகிறது என்பதால் அதற்கும் அசையாத பிடி வேண்டும்.

அந்த ஆழ்ந்த நீலம் எங்கிருந்து வருகிறது? பகலில் வானம் நீலமாக இருப்பதற்குக் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். அந்தியில் தலைக்கு மேல் தெரியும் நீலத்துக்கு ஓசோனின் பங்கு பெரிது. சாய்வாக வரும் ஒளி ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் பயணப்படுகிறது. வழியில் மஞ்சளும் ஆரஞ்சும் உறிஞ்சப்படுகின்றன. 1953-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ஹல்பர்ட். கேமராவின் தானியங்கி வெண்சமநிலை இந்த நீலத்தைப் பிழையென்று எண்ணித் திருத்தப் பார்க்கும். அதைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கிழக்குத் திசை. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பு. மலையோ கட்டடமோ மறைக்காத பாலைவனத்தில் இது முழு நீளத்துக்கும் தெரியும். எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

நீருக்கும் ஒரு கணக்கு உண்டு. நேர்கீழே நோக்கினால் நீர்ப்பரப்பு ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பார்வை பரப்போடு 10 பாகை வரை தாழ்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் முக்காலியை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கினால் ஏரியில் வானம் பளிச்சென்று விழும். அப்போதும் பிம்பம் வானத்தைவிட மங்கலாகவே இருக்கும். வானத்தின் பிரகாசத்துக்கு ஏற்ப ஒன்று, நீருக்கு ஏற்ப ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பது நல்லது.

வளைகுடாவுக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஒன்று புழுதி: காற்றில் அது மிகுந்த நாளில் அடிவானம் வெளிறிப்போகும், காற்று தெளிந்த நாளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மற்றொன்று ஈரப்பதம். ஏசி காரிலிருந்து எடுத்த குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் உடனே படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். இறங்குவதற்கு வெகுமுன்பே ஏசியை நிறுத்திவிட்டு, பையை மூடியபடியே கேமராவை வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக் கிளம்பினால்தான் அந்த 25 நிமிடம் கைக்கு வரும்.