கிஷ் மன்னர் என்மெபராகெசி: தொன்மமும் சான்றும்

சுமேரியாவின் தொடக்ககால மன்னர்களைப் பற்றி அறிய முற்படுவோர் முதலில் நாடுவது ‘சுமேரிய அரசர் பட்டியல்’ என்னும் ஆவணத்தையே. அதன் படிகளுள் முழுமை மிக்கது ஏறத்தாழ கி.மு. 1800ஆம் ஆண்டைச் சார்ந்த களிமண் பட்டகமாகும். அஃது ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கிஷ் நகரின் முதல் மரபைச் சார்ந்த என்மெபராகெசி, ஏலாம் நாட்டுப் படைக்கலங்களைக் கவர்ந்து வந்தவர் என்றும் 900 ஆண்டுகள் ஆண்டவர் என்றும் அப்பட்டியல் கூறுகிறது. அவர் மகன் அகாவின் ஆட்சிக்காலம் 625 ஆண்டுகள். இத்தகைய எண்களைக் கண்ட அறிஞர் இம்மன்னர்களைத் தொன்மத்தின்பாற் படுத்தியதில் வியப்பில்லை.

இந்நிலையை மாற்றியவை இரு கற்கலத் துண்டுகளாகும். ஒன்று, 1930களில் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த கஃபாஜாவிற் கிடைத்தது. அதில் ‘மெபராசி’ என்னும் பெயர் உள்ளது. மற்றொன்று ஈராக் அருங்காட்சியகத்தைச் சார்ந்தது. ‘மெபராசி, கிஷ் மன்னர்’ எனப் பொறிக்கப்பெற்றது. இதனை எட்சார்ட் 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘என்’ என்பது தலைவனைக் குறிக்கும் சுமேரியப் பட்டமாதலின், மெபராசியும் என்மெபராகெசியும் ஒருவரே எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். அவ்வாறாயின், பட்டியலிலுள்ள மன்னர்களுள் தம் காலப் பொறிப்பால் உறுதிப்படும் மிகப் பழையவர் இவரே. இவர் காலம் கி.மு. 2700க்கும் 2600க்கும் இடைப்பட்டதெனக் கருதப்படுகிறது.

ஆயினும், இப்பொறிப்புகள் மெய்ப்பிப்பன யாவை என்பதை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அவை பெயரையும் பட்டத்தையும் நிறுவுகின்றன. 900 ஆண்டு ஆட்சியையோ ஏலாம் வெற்றியையோ நிறுவவில்லை.

பட்டியலின் கால வரிசையும் ஐயத்திற்குரியதே. நாட்டில் ஒரு காலத்தில் ஒரு நகரமே அரசுரிமை பெற்றிருந்தது என்னும் கொள்கைவழி, அது மரபுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. கிஷ் மரபு அகாவோடு முடிந்த பின்னரே உருக் மரபு தொடங்குகிறது. அம்மரபின் ஐந்தாம் மன்னராகக் கில்காமேஷ் வருகிறார். ஆனால், ‘கில்காமேஷும் அகாவும்’ எனப்படும் சுமேரியக் கவிதையிலோ உருக் நகரை முற்றுகையிட்ட அகாவைக் கில்காமேஷ் சிறைப்படுத்திப் பின் விடுவிக்கிறார். ஒருவரையொருவர் எதிர்த்தோர் ஒரே காலத்தவராதல் வேண்டுமன்றோ? எனவே, பட்டியல் அடுத்தடுத்து வைக்கும் மரபுகள் சில உடனிகழ்வனவாய் இருந்திருத்தல் கூடும்.

பட்டியலை முழுதும் நம்புவதும் முழுதும் தள்ளுவதும் எளியன. சான்று எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவே கொள்வதுதான் அரிது. பண்டை வரலாற்றைக் கற்பிப்போர் மாணவர்க்கு உணர்த்த வேண்டிய ஆய்வு நெறியும் அதுவே.