வாளிக்குள் ஒரு தீனிப் பண்ணை

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள உயிரை நம்பி இருக்கிறது மீன்குஞ்சின் பிழைப்பு. மும்பையின் நெருக்கடியான வீடுகளில் அதை வளர்ப்பது சுலபம். கூடவே கொசுவையும் வளர்த்துவிடாமல் இருப்பதில்தான் சாமர்த்தியம்.

தாராவியில் நாள் தொடங்குவது குழாயடியில். தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் வாசலில் நிற்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் நிரம்பியாக வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் சன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பிக் கூண்டுதான் வீட்டின் தோட்டம். துளசியும் கறிவேப்பிலையும் அங்கேதான் வளர்கின்றன. செம்பூரில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பால்கனி கிடைக்கும். ஆனால் நாய் வளர்க்க இடமில்லாத வீட்டிலும் மீன் தொட்டிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. டி.வி.க்குப் பக்கத்தில் இரண்டடி போதும்.

மீன் வாங்குவதும் சிரமமில்லை. குர்லாவின் வண்ண மீன் கடைகளுக்குப் போனால் தண்ணீரும் காற்றும் அடைத்த பையில் கப்பியையும் ஃபைட்டரையும் வாங்கி வரலாம். சில மாதங்களில் கப்பி குட்டி போடும். ஃபைட்டர் ஆண் நுரையால் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான முட்டைகளை இராப்பகலாகக் காவல் காக்கும். வீடே திரண்டு வேடிக்கை பார்க்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தொட்டியில் ஏழெட்டுக் குஞ்சுகள்கூட மிஞ்சியிருக்காது.

பெரும்பாலும் காரணம் நோயல்ல, பசி. கடையில் விற்கும் உருண்டைத் தீனி குஞ்சின் வாயில் நுழையாது. பொடித்துப் போட்டாலும் அசையாத பொருளை இரை என்று பல குஞ்சுகளுக்குத் தெரியாது. தின்னாத தூள் அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பசியில் தப்பியதை அந்தத் தண்ணீர் கொல்லும். குஞ்சுக்குத் தேவை, அதன் வாய்க்கு அடங்குகிற, துள்ளுகிற, அகப்படும் வரை உயிரோடிருக்கிற இரை. அதுதான் தண்ணீர்த் தெள்ளு.

இறாலுக்கு உறவு

பெயரில் தெள்ளு இருந்தாலும் நாயைக் கடிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1669ல் இதை விவரித்த டச்சு விஞ்ஞானி யான் ஸ்வாமர்டாம், அது துள்ளித் துள்ளி நீந்துவதைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது நண்டு, இறால் குடும்பத்தைச் சேர்ந்தது. தலையிலுள்ள கிளைத்த உணர்கொம்புகளைத் துடுப்பாக வீசி எம்பும், பிறகு மெல்ல இறங்கும். நீரில் மிதக்கும் பாசி, பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றைச் சலித்துத் தின்னும்.

இதில் மீன் வளர்ப்பவர்களுக்கு முக்கியமானவை இரண்டு இனங்கள். பெரிய டாஃப்னியா வகைகள் 5 மில்லிமீட்டர் வரை வளரும், குளிர்ந்த நீரை விரும்பும். மொய்னா ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் 24 முதல் 31 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்றது. மும்பையின் புழுக்கத்துக்கு இதுதான் பொருத்தம். பிறந்த மொய்னா 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல மீன்குஞ்சுகளின் வாய்க்கு அளவெடுத்தது போல. உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி புரதம். சிங்கப்பூரின் வண்ண மீன் பண்ணைகள் 30க்கும் மேற்பட்ட மீன் இனங்களின் குஞ்சுகளை மொய்னா கொடுத்தே வளர்த்து, நூற்றுக்கு 95க்கும் மேல் பிழைக்க வைத்திருக்கின்றன.

நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது இதுதானே என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அந்தப் புழுவைச் சுமந்தது சைக்ளாப்ஸ் என்ற வேறொரு நுண்ணுயிர். அதையும் தண்ணீர்த் தெள்ளு என்று அழைத்ததால் வந்த குழப்பம் இது. அந்த நோயே இந்தியாவில் இப்போது இல்லை. கடைசி நோயாளி 1996ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

சாக்கடையா, டின்னா?

உயிருள்ள தீனிக்கு வேறு வழிகளும் உண்டு. நம் நகரங்களில் பரவலாகப் புழங்குவது சிவப்பு நூல் போன்ற டியூபிஃபெக்ஸ் புழு. பிராணவாயு அற்றுப்போன சாக்கடைச் சேற்றிலும் கொத்துக் கொத்தாக வாழும். அங்கிருந்தே அள்ளி, அலசி, கடைக்கு வருகிறது. எவ்வளவு அலசினாலும் அதன் குடலில் இருப்பது சாக்கடைதான். கிருமியும் கன உலோகங்களும் அதன் வழியாகவே மீன் தொட்டிக்குள் நுழைகின்றன. மலிவாகக் கிடைத்த தீனிக்கு, ஒரே இரவில் செத்து மிதக்கும் மீன்கள் விலையாகிவிடும்.

இன்னொரு வழி ஆர்ட்டீமியா. அமெரிக்காவின் யூட்டா மாநில உப்பு ஏரியிலிருந்து டின்னில் வரும் முட்டைகளை உப்பு நீரில் போட்டால் ஒன்றரை நாளுக்குள் பொரிந்துவிடும். சுத்தமானது, ஆனால் விலை அதிகம். போதாக்குறைக்கு உப்பு நீர் உயிர் என்பதால் நன்னீர்த் தொட்டியில் சில மணி நேரத்தில் செத்துவிடும். தெள்ளு அப்படியல்ல. மீன் தின்னும் வரை நீந்திக்கொண்டே இருக்கும்.

பொழுதுபோக்குக்கு மீன் வளர்ப்பவருக்கு இது வசதி. குஞ்சு விற்றுக் குடும்பச் செலவுக்கு நாலு காசு சேர்க்க நினைப்பவருக்கோ இதுதான் லாப நஷ்டக் கணக்கு. 2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவிகித மானியம் வைத்தார்கள். தொட்டியும் மோட்டாரும் மானியத்தில் வரலாம். குஞ்சு பிழைத்தால்தான் பணம்.

பெண்களின் ராஜ்ஜியம்

வாளித் தண்ணீரில் பண்ணை நடத்த முடிவதற்குக் காரணம் தெள்ளின் குடும்ப வாழ்க்கை. தீனியும் தண்ணீரும் சரியாக இருக்கும் வரை ஆணே தேவையில்லை. பெண் தெள்ளு துணையின்றிப் பெண் குஞ்சுகளையே பெறும். மொய்னா பிறந்த நாலைந்து நாளில் தாயாகிவிடும். பிறகு இரண்டு நாளுக்கொரு தரம் பிரசவம். ஒரு கைப்பிடி தெள்ளு விட்ட வாளி பத்து நாளுக்குள் மொய்த்துப் போவது இதனால்தான்.

பஞ்சம் வந்தால் கதை மாறும். நெரிசலோ பட்டினியோ ஏற்பட்டால் ஆண்கள் பிறக்கும். இணை சேர்ந்தபின் தாயின் முதுகில் கறுத்த ஓடு மூடிய உறங்கும் முட்டைகள் உருவாகும். குளம் வற்றினாலும் இவை சாவதில்லை, மழைக்குக் காத்திருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரி ஒன்றின் அடிச் சேற்றில் சுமார் 700 ஆண்டுகள் கிடந்த டாஃப்னியா முட்டைகள் பொரிந்ததாக 2014ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வளர்ப்பவருக்கு இதில் பாடம் உண்டு. வாளியில் கறுப்புப் புள்ளி சுமந்த தெள்ளுகள் பெருகினால், பண்ணை பஞ்சத்தை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடி உடல், பரேல் உறவு

தெள்ளின் உடல் கண்ணாடி. சாதாரண பூதக்கண்ணாடியில் துடிக்கும் இதயமும் வயிற்றிலுள்ள குஞ்சுகளும் தெரியும். இந்தக் கண்ணாடி உடலுக்குள் எட்டிப் பார்த்துத்தான் ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாஃப், உள்ளே நுழைந்த பூஞ்சை வித்துகளை உடலின் அணுக்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டு 1884ல் எழுதினார். நோயை உடல் எதிர்ப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட இந்தப் பணிக்காக 1908ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவரிடம் ஒடெசாவில் படித்த மாணவர் வால்டெமார் ஹாஃப்கின். 1896ல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது இங்கே வந்து தடுப்பு மருந்து தயாரித்து, 1897 ஜனவரி 10ந் தேதி தன் உடலிலேயே முதலில் போட்டுக்கொண்டவர். பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குருவுக்குத் தெள்ளு, சிஷ்யருக்குப் பிளேக்.

அந்தக் கண்ணாடி உடல் வளர்ப்பவருக்கும் உதவும். குடல் பச்சையாகவோ பழுப்பாகவோ நிறைந்திருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, வெளுத்திருந்தால் பசி. உடல் இளஞ்சிவப்பாக மாறினால் தண்ணீரில் பிராணவாயு குறைவு, அதைச் சமாளிக்கத் தெள்ளு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது.

வளர்ப்பது எப்படி?

அகலமான 20 லிட்டர் வாளி அல்லது டப் போதும். செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. தண்ணீரில் கரையும் துளி செம்பும் தெள்ளுக்கு விஷம். மும்பைக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, அதுவும் விஷம்தான். திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலந்தால் இன்னும் நல்லது. வாளி வெளிச்சத்தில் இருக்கட்டும், நேர் வெயிலில் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் தண்ணீர் கொதித்துவிடும், தரையோரம் வைப்பது உத்தமம்.

விதைக்கு, ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்தோ கடையிலிருந்தோ ஒரு பை தெள்ளு வாங்கி விடுங்கள். குட்டையில் அள்ளி வந்தால் தும்பியின் இளம்பூச்சியும் ஹைட்ராவும் கூடவே வந்து பண்ணையைத் தின்றுவிடும்.

தீனிதான் பலரும் தோற்கும் இடம். பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை, சுமார் அரை கிராம், வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றினால் 20 லிட்டருக்குப் போதும். வெயிலில் வைத்துப் பச்சையாக்கிய பாசி நீர் அதைவிடச் சிறந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கி மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெளிந்தால் அளவு சரி. தெளியாமல் நாறினால் கை தாராளம் என்று பொருள், தீனியை நிறுத்தி பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பட்டினியில் சாகும் தெள்ளைவிட விருந்தில் சாகும் தெள்ளே அதிகம். காற்று விடுவதாக இருந்தால் பெரிய குமிழிகளாக, மெதுவாக. பொடிக் குமிழிகள் ஓட்டுக்குள் சிக்கித் தெள்ளை மேலே மிதக்கவைத்துக் கொன்றுவிடும்.

ஒரு வாரம் பத்து நாளில் அறுவடைக்குத் தயார். காற்றை நிறுத்தி அழுக்குப் படிந்ததும் மெல்லிய துணி வடிகட்டியில் அள்ளி, சுத்தமான நீரில் அலசி மீனுக்குப் போடலாம். தினம் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் எந்த வாளியும் ஒருநாள் காரணம் சொல்லாமல் சரிந்துவிடும். ஆகவே எப்போதும் இரண்டு வாளிகள்.

வாசலில் கொசு

இங்கேதான் மும்பையின் தனிச் சிக்கல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய சுத்தமான நீரையே தேடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தெள்ளு வாளி அதற்குக் கட்டி வைத்த பிரசவ ஆஸ்பத்திரி.

தேங்கிய நீர் மீது இந்த நகரத்துக்குள்ள சந்தேகம் பழையது. பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் பென்ட்லி, வீட்டுக் கிணறுகளையும் தொட்டிகளையும் 1911லேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இன்றும் மழைக்காலத்தில் மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புப் பிரிவு வீடு வீடாக டிரம்மையும் பூந்தொட்டித் தட்டையும் சோதிக்கிறது. புழு நெளிந்தால் நோட்டீஸ், அபராதம், வழக்கு வரை போகும். அபராதத்தைக் கட்டிவிடலாம். பத்துக்குப் பத்து அறைகள் சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில், ஒரு வீட்டில் பிறக்கும் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிப்பதற்கு என்ன ஈடு?

தீர்வு செலவில்லாதது. பழைய வேட்டித் துணியோ கொசுவலைத் துண்டோ வாளியின் வாயில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் போடுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத் துணி மேலேயே கொசு முட்டையிடும். குளோரின் போக வைத்திருக்கும் டிரம்முக்கும் இதே துணிதான். குளோரின் வெளியே போகும், கொசு உள்ளே வராது. வாரம் ஒரு தரம் நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தெள்ளு எம்பி எம்பி நீந்தும். கொசுப் புழு தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். அதைக் கண்டால் வடிகட்டியில் பிடித்து மீனுக்கே போடலாம், விருந்தாகத் தின்னும். ஒன்றைக் கண்டுவிட்டால் துணி எங்கே கிழிந்திருக்கிறது என்று அன்றே பாருங்கள்.

கொசு மருந்து விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. புழுவைக் கொல்ல ஊற்றும் டெமிஃபாஸ், அறையில் அடிக்கும் பைரித்ராய்டு ஸ்பிரே இரண்டும் தெள்ளையும் கொல்லும். நீரின் நச்சுத்தன்மையை அளக்க உலகெங்கும் சோதனைச்சாலைகள் டாஃப்னியாவை விட்டு 48 மணி நேரம் பார்ப்பது இதனால்தான். தெருவில் புகை அடிக்கும் சத்தம் கேட்டால் வாளியை மூடி உள்ளே கொண்டுபோங்கள். மருந்து ஊற்ற வருபவரைத் தடுக்காதீர்கள். மூடிய துணியைத் திறந்து காட்டுங்கள். புழு இல்லாத வாளிதான் உங்களுக்குச் சாட்சி.

துணி கட்டிய ஒரு வாளியை வைக்கச் சன்னல் கூண்டின் ஒரு மூலை போதும். அதில் துள்ளுவது மீன்குஞ்சின் சாப்பாடு. அந்தத் துணி இல்லாவிட்டால் அதே வாளியிலிருந்து புறப்படுவது பக்கத்து வீட்டின் காய்ச்சல்.