குரோவேஷியப் பன்மையின் ஒப்பனை அறையில்

குரோவேஷிய மொழியில் ஒருமை பன்மையாகிறபோது திரைக்குப் பின்னால் எத்தனை அமர்க்களம் தெரியுமா! வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம். இடம், ஆத்ரியக் கடலோர நகரமான ஸ்ப்லிட்டின் துறைமுகம். பிராச், ஹ்வார், வீஸ் தீவுகளுக்குக் கப்பல்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. எங்கு திரும்பினாலும் கூட்டம்தான். பன்மையை வேடிக்கை பார்க்க இதைவிடத் தோதான இடம் ஏது?

சாதுவான சொற்களை முதலில் பார்த்துவிடலாம். மாலுமி 'மோர்னார்', மாலுமிகள் 'மோர்னாரி'. மீன் 'ரீபா', மீன்கள் 'ரீபெ'. கடல் 'மோரெ', கடல்கள் 'மோரா'. பெயர்ச்சொற்கள் மூன்று பாலாகப் பிரிந்து, ஆளுக்கொரு விகுதியைப் பூசிக்கொண்டு மேடைக்குப் போய்விடுகின்றன.

கப்பல் வந்ததும் கதை மாறுகிறது. 'பிரோத்' ஓரசைச் சொல். வெறும் 'இ' அதற்குப் பற்றாது. நடுவில் 'ஓவ்' நுழைந்து 'பிரோதோவி' ஆகிறது. இந்த 'ஓவ்' பழைய ஸ்லாவிய மொழியில் 'மகன்' போன்ற சில சொற்களின் குடும்பச் சொத்து. அந்தக் குடும்பம் கலைந்துபோன பிறகும் 'ஓவ்' மட்டும் தப்பித்து ஓரசைச் சொற்களில் குடியேறிவிட்டது! நாள், பல், விரல் போன்ற சில ஓரசைகள் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. 'ஸாத்' இன்னும் குறும்புக்காரச் சொல். மணிநேரம், கடிகாரம் இரண்டுக்கும் அதுவே பெயர். பன்மையில் 'ஸாத்தி' என்றால் மணிநேரங்கள். 'ஸாத்தோவி' என்றால் கடிகாரங்கள்.

எனக்கு உயிர் தீவுதான். 'ஒத்தோக்' என்பது ஒரு தீவு. பல தீவுகள் 'ஒத்தோக்கி' அல்ல, 'ஒத்தோத்ஸி'! பயணி 'பூத்னிக்', பயணிகள் 'பூத்னித்ஸி'. 'க்' எங்கே போனது? சொல்லிப் பாருங்கள்: 'க்' சொல்ல நாக்கின் பின்பகுதி எழும்புகிறது, 'இ' சொல்ல முன்பகுதி எழும்புகிறது. வரப்போகும் 'இ'க்காக நாக்கு முன்கூட்டியே முன்னால் நகர, 'க்' கரைந்து 'த்ஸ்' ஆனது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இந்த நழுவலை இன்றைய பிள்ளைகளும் யோசிக்காமல் செய்கிறார்கள். வால்நட் 'ஓராஹ்' கூட இதே வழியில்தான் 'ஓராஸி' ஆகிறது. இந்த மொழிக்கு முதல் இலக்கணம் எழுதிய பார்த்தொல் காஷிச்சும் ஒரு தீவுக்காரரே. பாக் தீவில் பிறந்தவர். அவருடைய நூல் 1604இல் ரோமில் அச்சானது.

இப்போது கப்பல்களை எண்ணுங்கள். இங்கேதான் உச்சக்கட்டம்! ஒன்று என்றால் 'பிரோத்'. 2, 3, 4 வந்தால் 'பிரோதா'. 5 ஆனதும் 'பிரோதோவா'. 20 வரை அப்படியே போய், 21இல் மறுபடி ஒருமையான 'பிரோத்'! 22 என்றால் திரும்பவும் 'பிரோதா'. ஒருகாலத்தில் ஸ்லாவிய மொழிகளில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே, இரண்டுக்கென்றே தனி வடிவம் இருந்தது. பக்கத்து ஸ்லோவேனியாவில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. குரோவேஷியத்தில் மறைந்தாலும், இரண்டின் அந்தப் பழைய 'ஆ' பக்கத்திலிருந்த 3, 4 எண்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசி இலக்கத்தைப் பார்த்து உடை போடுவதால்தான் 21 ஒருமையாகிறது. 11 முதல் 14 வரை மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

மனிதன் 'ச்சோவ்யெக்'. மனிதர்கள்? 'லியூதி'! ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆளையே மாற்றிவிட்டார்கள். கதவு 'வ்ராத்தா' இன்னும் ஒரு படி மேல்: ஒருமையே கிடையாது. ஒற்றைக் கதவும் பன்மைதான். இரண்டு கதவுகளை எண்ண வழக்கமான 'த்வா' செல்லாது. அதற்கென்றே 'த்வோயா' என்று தனி எண்ணுச்சொல் வைத்திருக்கிறார்கள்.