சேறு காத்த டாங்கி, உப்பு தின்னும் இரும்பு

எஸ்டோனியாவின் வடகிழக்கில் குர்ட்னா பகுதியில் ஒரு சிறிய ஏரி. 2000 செப்டம்பர் 14 காலை, அதன் கரையில் நின்ற கொமாட்சு புல்டோசர் ஒன்று இரும்பு வடத்தை இழுக்கத் தொடங்கியது. பிற்பகலில் சேறு வழிய வெளியே வந்தது ஒரு டி-34 டாங்கி. 1944இல் ஏரிக்குள் போனது, 56 ஆண்டுகள் கழித்துக் கரையேறியது. பெரிதாகத் துரு இல்லை. சோவியத் தயாரிப்பான அந்த வண்டிமேல் ஜெர்மன் படை வரைந்த அடையாளக் குறி அழியாமல் இருந்தது. உள்ளே 116 குண்டுகள் கிடந்தன.

தமிழ்நாட்டில் இரும்பை என்ற ஊரைச் சுற்றியுள்ளவர்களுக்கு இதை நம்புவது கடினம். வடக்கே மரக்காணம் உப்பளப் பக்கம் போனால், கொட்டகைப் பூட்டும் பம்புசெட்டின் போல்ட்டும் சில மாதங்களிலேயே செதில் செதிலாக உதிர்கின்றன. இங்கே காற்று பட்டதற்கே கரையும் இரும்பு, குர்ட்னாவில் தண்ணீருக்கடியில் அரை நூற்றாண்டு தாங்கியது எப்படி?

ஏரிக்குள் ஏன் போனது?

நார்வா போர்முனையில் செம்படையிடமிருந்து ஜெர்மானியர் கைப்பற்றிய வண்டி அது. 1944 செப்டம்பரில் பின்வாங்கியபோது, எதிரி கையில் மீண்டும் சிக்காதிருக்க அதை ஏரிக்குள் ஓட்டிவிட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. தண்ணீருக்குள் இறங்கும் சங்கிலித் தடம் இருந்ததையும், ஏறி வரும் தடம் இல்லாததையும் அப்போது சிறுவனாக இருந்த ஒருவர் பார்த்திருந்தார். பின்னாளில் அவர் சொன்னதை வைத்தே உள்ளூர்ப் போர் வரலாற்று ஆர்வலர்கள் ஏரியில் மூழ்கித் தேடினார்கள். சுமார் 7 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் சேற்றுக்கடியில் அது கிடந்தது.

டாங்கியைச் சேறு பிடித்துக்கொள்வது நமக்கும் புதிதல்ல. 1965 போரில் பஞ்சாபின் கேம்கரனுக்கு அருகே, அசல் உத்தரில், இந்தியப் படையினர் கால்வாய் நீரை வயல்களில் பாயவிட்டார்கள். கரும்புக் கொல்லைக்குள் புகுந்த பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் நகர முடியாமல் அழுந்தின. அந்தச் சேறு பிடித்து நிறுத்தியதோடு சரி. குர்ட்னாச் சேறு காப்பாற்றியும் வைத்தது.

காத்தது எது?

இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். குர்ட்னா ஏரியின் அடியில் இருந்தது பாதி மக்கிய செடிகொடிகள் அடர்ந்த சேறு. மக்கும் வேலையே அங்கிருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகிறது. மேலிருந்து புதிதாக இறங்குவதையோ மூன்று மீட்டர் சேறு தடுத்துவிடுகிறது. குளிர் நாடு என்பதால் எந்த வேதிவினையும் மெதுவாகவே நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நன்னீர் ஏரி. உப்பு இல்லை.

கழுவெளியில் விழுந்திருந்தால்?

அதே டாங்கி மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரியில் இறங்கியிருந்தால் கதை வேறு. அங்கும் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் தெரியும்: மேல்தோலுக்குக் கீழே கன்னங்கரேல் என்ற சேறு, அழுகிய முட்டை நாற்றம். வெட்டியதை வரப்பில் போட்டுவைத்தால் காற்றுப் பட்ட பக்கம் மெல்லப் பழுப்பேறும்.

அந்த நிறத்திலும் நாற்றத்திலும்தான் விடை இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் சல்பேட்டும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைக் கொண்டே பிழைக்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைடுதான் கருப்பு நிறம். ஆக, காற்றில்லாத சேற்றிலும் இரும்பு அரிக்கப்படும்.

போதாக்குறைக்கு நம் வெயில். மழைநீர் ஒருபுறம், எடையன்திட்டு கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீர் மறுபுறம் என்று நிறையும் கழுவெளியில், கோடையில் பெரும்பகுதி வற்றி நிலம் வெடிக்கிறது. வெடிப்பு வழியாகக் காற்று இறங்குகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் இரும்புக்கு அதைவிடக் கேடு இல்லை.

இழுப்பதும் ஒரு கலை

குர்ட்னாவில் மீட்புப் பணி பல மணி நேரம் இழுத்ததற்கு வண்டியின் எடை மட்டும் காரணமல்ல. நாற்று நடும்போது புதைந்த காலைச் சட்டென்று உருவ முடியாது, ஆட்டி அசைத்து அடியில் தண்ணீர் புக வழிவிட்டால்தான் வரும். டாங்கிக்கும் அதே கணக்கு. அடித்தட்டோடு ஒட்டிய சேறு விடும்வரை, எடையைத் தாண்டிய விசை தேவைப்படுகிறது. அவசரப்பட்டால் வடம் அறுந்து ஆளை வெட்டும்.

தமிழர் கடலோரத்தில் இதற்கு இணையான பெரும்பணி திருகோணமலையில் நடந்தது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்து, மறு ஆண்டு துறைமுகத்திலேயே மூழ்கடிக்கப்பட்ட சாகைங் கப்பலை, 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மிதக்க வைத்தார்கள். ஓட்டைகளை நீருக்கடியிலேயே அடைத்து, உள்ளிருந்த தண்ணீரை இறைத்த பிறகே அது எழுந்தது.

வெளியே வந்த பிறகுதான் ஆபத்து

டாங்கிக்கு ஐந்து வாரம் முன்பு, 2000 ஆகஸ்ட் 8 அன்று, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் கடலிலிருந்து ஹன்லி நீர்மூழ்கி மேலே வந்தது. 1864இல் உள்நாட்டுப் போரில் மூழ்கியது. கடலடி மணலும் வண்டலும் அதை மூடிக் காத்திருந்தன. ஆனால் இரும்பின் நுண்துளைகளில் குளோரைடு ஊறிப்போயிருந்தது. அப்படியே காயவிட்டால், உப்பு படிகமாகி விரிந்து, புதுத் துரு கிளம்பி, உலோகம் பாளம் பாளமாகப் பிளக்கும். ஆகவே அதைத் தொட்டியிலேயே வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற ஆண்டுக்கணக்கானது. நன்னீரில் கிடந்த டாங்கிக்கு அந்தச் சிகிச்சை தேவைப்படவில்லை.

எனவே நம் கரையில் பழைய இரும்பு எது தென்பட்டாலும் முதல் விதி: கழுவிக் காயவைக்க வேண்டாம், ஈரம் போகாமல் மூடிவைக்க வேண்டும். குண்டு போலத் தெரிந்தால் தொடவே கூடாது, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தோண்டி எடுக்க ஒரு நாள் போதும். உப்பை வெளியேற்றும் தொட்டியும் அதற்கான பணமும் தயாராகும்வரை, அந்த இரும்பு சேற்றிலேயே கிடப்பது மேல்.